அப்பா வழி வந்தது

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஒரு சின்ன விழா எடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். ஜெர்மனியில் யாருக்கு விழாவோ அவர்தான் மற்றவர்களுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். அவர்கள் வாங்கி வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போனால், எல்லோரும் வெறும் காப்பிக் கோப்பையோடு நம் கையைப் பார்ப்பார்கள். எனக்கு அது ஏற்கெனவே ஒரு பிறந்தநாளில் பட்டுத் தெரிந்ததுதான். அதனால் காலையிலேயே வெள்ளைப் பணியாரம் ஊற்றி, மிளகாய்த் துவையலைக் காரம் குறைத்து அரைத்து எடுத்துக்கொண்டு போனேன். பணியாரம் நொடியில் தீர்ந்தது. துவையல் அப்படியே இருந்தது.

ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் பிர்கிட், என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். மூன்று வாக்கியம் வந்தது. நாலாவதைத் தொடங்கினேன். தமிழைப்போலவே ஜெர்மனிலும் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். நான் அந்தக் கடைசிக்குப் போகாமலே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

உண்மையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த அறையில் இல்லை. அவர்கள் சிவகங்கைச் சீமையில், கண்டரமாணிக்கத்தில் இருக்கிறார்கள். விழாவில் சொல்லாமல் விட்ட வாக்கியங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் காரைக்குடியில் விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி, கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ரவியோடு இங்கே வந்தேன். வந்த வாரமே ஊர்ப் பதிவு அலுவலகத்தில் ஒரு தகராறு. பாஸ்போர்ட்டில் என் பெயர் செல்வி. அப்பா பெயர் கருப்பையா.

"குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள்.

"எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது."

"எல்லோருக்கும் உண்டு" என்றார் அவர், மிகுந்த பொறுமையோடு.

அன்றிலிருந்து நான் ஃப்ராவ் கருப்பையா. திருமதி கருப்பையா என்று அர்த்தம். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பல் மருத்துவரிடம் போனால், தபால்காரர் மணியடித்தால், பேருந்துப் பாஸ் வாங்கப் போனால், ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் என் அப்பாவைக் கூப்பிடுவார். முதலில் திடுக்கிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அது பிடித்துப்போனது. ஊரில் இருந்திருந்தால் இத்தனை முறை அவர் பெயரை நான் கேட்டிருக்க மாட்டேன்.

மகள் நிலா பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, மொழியும் ஓரளவு கைக்கு வந்தபிறகு, ஆய்வக உதவியாளர் படிப்பை முடித்து இந்த வேலைக்கு வந்தேன். ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி: "அப்படி என்னத்தா வேலை?" செல்களுக்குத் தீனி போடுகிற வேலை என்பேன். பொய்யில்லை.

கருவிலிருக்கும் குழந்தைக்கு மூளை எப்படி உருவாகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. தொடக்கத்தில் அங்கே இருப்பவை எல்லாம் நரம்பு ஸ்டெம் செல்கள்தான். குருத்தணு என்று நம் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஒன்று இரண்டாகப் பிரியும். ஒன்று பிரிவதற்கென்று அங்கேயே தங்கும், மற்றது வெளியே நகர்ந்து மூளையின் நரம்புச் செல்லாகும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு உள்ளே கட்டளைகள் உண்டு. நிறுத்தாமல் போனால் அதுதான் கட்டி.

இதைப் படிப்பதற்காக, மனமுவந்து ரத்தம் கொடுத்தவர்களின் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, குருத்தாக்கி, அதிலிருந்து மூளைத் திசுவைக் கிண்ணத்தில் வளர்க்கிறோம். மிளகு அளவுதான் வரும். அது மூளை இல்லை, நினைக்காது, வலிக்காது. ஆனால் கரு மூளையின் முதல் வாரங்களை நமக்குக் காட்டும். அதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு திரவம்தான் உணவு. அடிக்கடி மாற்றாவிட்டால் செத்துப்போகும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆகவே முறைபோட்டு எங்களில் ஒருவர் ஞாயிறும் போவார். ஊர் முழுக்கக் கடை அடைத்து, தேவாலய மணி மட்டும் கேட்கும் காலையில், யாரோ முகம் தெரியாதவர்களின் செல்களுக்கு உணவு மாற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த வேலை.

3

எங்கள் வீட்டில் மூன்று பேர் இளவயதில் போனார்கள்.

முதலில் அக்கா வசந்தா. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பார்வைக் கோளாறாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பா காரைக்குடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கு அந்தக் கண்ணாடி மிகவும் பிடித்திருந்தது. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். பிறகு நடை தடுமாறியது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்தபோது தலைக்குள் கட்டி பெரிதாகியிருந்தது.

அடுத்தது அப்பாவின் தங்கை. கல்யாணமான புதிதில் மார்பில் கட்டி. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே நாளைக் கடத்திவிட்டார். மூன்றாவது அப்பா. வரப்பில் வழுக்கி விழுந்த அடி என்று நினைத்த முழங்கால் வலி, எலும்பில் வந்த புற்று.

தலை, மார்பு, எலும்பு. மூன்றும் வேறு வேறு நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஊருக்கு ஒரே காரணம் தெரிந்திருந்தது. வந்த மருமகளின் காலடி சரியில்லை என்றார்கள். அதாவது, என் அம்மா. அதை முதலில் சொன்னவர் பெரியாத்தா, அப்பாவின் அண்ணன் மனைவி. வாசலை இடித்துத் திசை மாற்றிக் கட்டினார்கள். குலதெய்வத்துக்குக் குறை வைத்ததாகப் பரிகாரம் செய்தார்கள். அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். ஒரு கூட்டத்துக்கு வெளியூர் மருத்துவர் ஒருவர் பேச வந்தார். திரையில் ஒரு குடும்பத்தின் வரைபடம் போட்டார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. ஒரு சிறுமி, மூளைக்கட்டி. அவளுடைய தகப்பனார், எலும்பில். தகப்பனாரின் தங்கை, இளவயதில் மார்பகத்தில். செல்லைக் காவல் காக்கும் ஒரு மரபணு பிறவியிலேயே பழுதானால், இப்படி உடம்பின் வெவ்வேறு இடங்களில் வரும். எல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்றார். அவர் காட்டியது எந்த நாட்டுக் குடும்பமோ. எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் பிர்கிட்டின் அறைக்குப் போனேன். படித்த ஜெர்மன் எல்லாம் எங்கோ போய்விட்டது. மேசையில் கிடந்த ஒரு தாளில் கட்டமும் வட்டமும் வரைந்து, கறுப்பாக்கி, "இது என் வீடு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. அப்படியெல்லாம் இருக்காது என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, தாளை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "செல்வி, இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாயா? விரும்பாவிட்டால், இந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை" என்றார். விரும்புகிறேன் என்றேன். என் எதிரிலேயே மரபியல் மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டார். அன்று மாலை வரை என்னைத் தனியாக விடவில்லை. பக்கத்திலேயே இருந்தார்.

4

மருத்துவமனையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மனில் 'எர்ப்லிஷ்' என்றால் பரம்பரையாக வருவது. 'ஏர்லிஷ்' என்றால் நேர்மையானது. மருத்துவர் என்னைப் பார்த்து, "உங்கள் குடும்பத்தில் இது எர்ப்லிஷ் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்றார். பதற்றத்தில் எனக்கு மற்றச் சொல் காதில் விழுந்தது. "ஆமாம், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நேர்மையானவர்கள்தான். அப்பாவைப் பற்றி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தோம்.

சில வாரங்களில் ரத்தச் சோதனையின் முடிவு வந்தது. எனக்கு இருந்தது.

"இது நோய் இல்லை. நோய் வரக்கூடிய வாய்ப்பு. ஒவ்வோர் ஆண்டும் தலை முதல் கால் வரை படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். "உங்கள் அண்ணனுக்கும் இருக்கலாம். அவருக்கு நாங்கள் சொல்ல முடியாது. சட்டம் இடம் தராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

முதலில் அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்போது அம்மா இருந்தார்.

"அம்மா, இது அப்பா வழி வந்ததும்மா. அப்பாவுக்கும் அத்தைக்கும் அவுகளப் பெத்தவுக வழியா வந்துருக்கு. அப்பாகிட்டயிருந்து அக்காவுக்கு வந்துச்சு. எனக்கும் வந்துருக்கு."

"ஒனக்கு இப்ப என்னத்தா செய்யிது?"

"ஒன்னும் செய்யலம்மா. வருசா வருசம் பாத்துக்கிட்டே இருப்பாக. வந்தாலும் சின்னதா இருக்கையிலயே புடிச்சிருவாக."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப, நான் அந்த வீட்டுக்கு வந்ததால இல்லையா?"

"இல்லம்மா."

"டாக்டரே சொன்னாகளா?"

"டாக்டரேதான் சொன்னாக."

"ஒங்க பெரியாத்தா உசுரோட இருந்திருந்தா, ஒரு எட்டுப் போயிச் சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றார் அம்மா.

அதற்குப்பின் அம்மா ஓராண்டுதான் இருந்தார். அந்த ஓராண்டில் ஒரு கல்யாணம் விடாமல் போனதாக அண்ணன் சொன்னார். பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாராம். விஞ்ஞானம் எனக்குச் செய்த நன்மைகளில் முதலாவதாக நான் இதைத்தான் வைப்பேன்.

நிலா விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. சோதித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும்; தாய் தகப்பன் சொல்லக் கூடாது. நான் கேட்டபோது அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

"தெரியாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு, அம்மா."

இது அவளாகச் சொன்ன வார்த்தை இல்லை. இந்த நாட்டுச் சட்டத்திலேயே அப்படி ஓர் உரிமை இருக்கிறது. நான் அழுதேன், திட்டினேன், அக்காவின் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "விடு செல்வி, அவளாக வரட்டும்" என்றார் ரவி.

அந்த ஆண்டே அவள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனாள். வாரம் ஒருமுறை பேசுவாள். சாப்பாடு, மழை, ரயில் தாமதம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், "அம்மா, ப்ளீஸ்" என்பாள். என் மகளோடு நான் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே பல ஆண்டுகள் போயின.

5

அண்ணன் சேதுராமனுக்குக் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. குடியிருப்பது கண்டரமாணிக்கத்தில். ஒரே மகள் அபிநயா. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சத்தம் போட்டார்.

"செல்வி, நீ அங்குட்டுப் படிச்சவுக மத்தியில இருக்க. இங்க எப்படின்னு ஒனக்குத் தெரியாது. நாளைக்கு எம் மகளுக்கு மாப்பிள்ள பாக்கணும். பரம்பரைச் சீக்குன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா எவன் வருவான்?"

"அபி ஆறாங்கிளாஸ்தாண்ணே படிக்கிறா."

"ஆறு பன்னெண்டாக எம்புட்டு நேரமாகும்? இந்தப் பேச்ச இதோட விடு."

விட்டேன். வேறு என்ன செய்வது? அவருக்கும் தெரியாமல் இருக்க உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து மதினி, அதாவது அண்ணன் மனைவி மீனா, கூப்பிட்டார். நாச்சியாபுரத்தில் தன் தாய் வீட்டுக்குப் போனவர், அங்கிருந்து பேசினார்.

"ஒங்க அண்ணன் பாதி சொல்றாக, பாதி முழுங்குறாக. நீ முழுசாச் சொல்லு. எம் புள்ளைக்கும் வருமா?"

"அண்ணனுக்கு இருக்கலாம் மதினி, இல்லாமயும் இருக்கலாம். பூவா தலையா மாதிரிதான். அண்ணனுக்கு இருந்தா, அபிக்கும் அதே பூவா தலையா."

"பாத்து என்ன செய்ய? மருந்து இருக்கா?"

"அத மாத்த மருந்து இல்ல. ஆனா தெரிஞ்சிருந்தா வருசா வருசம் ஸ்கேன் எடுக்கலாம். ஏதும் வந்தா, கடுகா இருக்கையிலயே எடுத்துறலாம்."

"வசந்தாவுக்கு அப்படிப் பாத்திருந்தா?"

மதினி என் அக்காவைப் பார்த்ததில்லை. மாலை போட்ட படத்தில் பார்த்ததுதான். கண்ணாடி வாங்கிய கதையைச் சொன்னேன். "சரி, வச்சிர்றேன்" என்றார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் இருந்த ஒரு நாளில், மதினி அபியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மரபியல் பார்க்கிற டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் தகப்பனாருக்குப் பார்ப்பதுதான் முறை என்றிருக்கிறார். அவருக்கு இல்லையென்றால் பிள்ளைக்கு வர வழியே இல்லை. மதினி ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டார்.

"நானும் புள்ளையும் மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கோம். ஒங்களுக்கு இல்லைன்னா புள்ளைக்கு ஊசியே வேணாங்குறாக. நீங்க வாரீகளா, இல்ல அவ கைய நீட்டச் சொல்லவா?"

அண்ணன் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பஸ் ஏறினார். கிரீஸ் பட்ட சட்டையோடு போய் இறங்கினார். நேரே ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக்கையைச் சுருட்டி, "மொதல்ல எனக்கு எடுங்கம்மா" என்றாராம். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயந்து ஓடுகிற ஆள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாராம். அபி பக்கத்தில் நின்று, "வலிக்குதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லத்தா" என்றாராம், கண்ணைத் திறக்காமலே.

அவருக்கும் இருந்தது.

அன்று அண்ணனே என்னைக் கூப்பிட்டார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் அவர் தொழிலை வைத்தே சொன்னேன். "ஒரு வேலைக்கு ரெண்டு பியூஸ் போட்டு வச்சிருக்குண்ணே ஒடம்புல. ஒன்னு அம்மா குடுத்தது, ஒன்னு அப்பா குடுத்தது. நமக்கு அப்பா குடுத்தது பொறக்கும்போதே போயிருச்சு. இன்னொன்னு நல்லாத்தான் இருக்கு. எந்த எடத்துலயாச்சும் அதுவும் போச்சுன்னா, அங்க நிப்பாட்ட ஆளில்லாமப் போயிரும்."

"மோட்டாரு ஓடத்தான செய்யிது?"

"ஓடும்ணே. அடிக்கடி பாத்துக்கிறணும்."

"சரி" என்றார். பிறகு, "புள்ளைக்கும் பாத்துருவோம்" என்றார்.

அபிக்கும் இருந்தது. முதல் ஸ்கேனிலேயே மூளையில் பட்டாணிக்கும் சிறிதாக ஒரு கட்டி தெரிந்தது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. அந்த வாரம்கூடப் பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடியிருக்கிறாள்.

பிர்கிட்டிடம் சொன்னேன். "இன்றைக்கே கிளம்பு" என்றார். ஞாயிற்றுக்கிழமை முறை என்னுடையது என்றேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது, வேறு யாரையும் அனுப்பாமல், வாரா வாரம் அவரே வந்து செல்களுக்கு உணவு மாற்றியிருக்கிறார். பல ஆண்டுகளாக உணவு மாற்றும் குழாயைப் பிடிக்காத கை. என் கிண்ணங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை.

மதுரையில் அறுவை நடந்தது. கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறவிப் பழுது இருக்கிறவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால், கொடுத்த இடத்திலேயே பின்னால் புதிய புற்று வரக்கூடும். அது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், மருத்துவர்கள் கலந்து பேசிக் கதிர்வீச்சைத் தவிர்த்தார்கள். தெரியாமல் இருந்திருந்தால், நல்லது என்று நினைத்தே கொடுத்திருப்பார்கள். ரத்தத்தில் ஒரு சோதனை, பிள்ளையை இரண்டு தடவை காப்பாற்றியது.

கண் விழித்த மறுநாள், பாதித் தலை மழித்த கோலத்தில், அபி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அயித்த, ஜெர்மனி சாக்லேட் கொண்டாந்தீகளா, வெறுங்கையோட வந்துட்டீகளா?"

மதினி வராந்தாவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் ரத்தம் இல்லாதவர். எங்கள் வீட்டு நோயைத் தேடிப்போய்ப் பிடித்தவர் அவர்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். "சாப்பிட்டியா செல்வி? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு" என்றார்.

ஊரில் அண்ணன், பிள்ளை மாடிப்படியில் விழுந்து தலையில் அடி என்று சொல்லிவைத்திருந்தார். நாங்களும் அதையே சொன்னோம்.

6

அபி இப்போது பள்ளத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். அண்ணனுக்கும் எனக்கும் இதுவரை ஒன்றும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டதும் ஓர் ஆண்டு கையில் கிடைத்ததுபோல் இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு நிலா தனியாக ஊருக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. அவளாகவே டிக்கெட் எடுத்திருந்தாள். அவள் தமிழை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறாளோ என்று கவலையாக இருந்தது. போன முதல் நாளே கடைப் பையனிடம், "மாமா எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "மாமா இந்தா உக்காந்துருக்கு" என்றாராம் அண்ணன், காயிலைக் கீழே வைத்துவிட்டு.

அவள் அங்கே இருந்தபோது அபியின் ஸ்கேன் நாள் வந்தது. அபி அவளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மதினி புளியோதரை கட்டிக்கொண்டார். காலையில் ஸ்கேன், மதியம் ஆஸ்பத்திரி மரத்தடியில் சாப்பாடு, சாயங்காலம் மதுரைக் கடைவீதியில் துணிமணி. அவர்களுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற பயணம்.

நிலா அபியிடம் கேட்டாளாம், "பயமா இல்லையா?" என்று.

"பயந்தாங்க்கா. பயந்துக்கிட்டேதான் உள்ள போவேன். வெளிய வந்து ஜிகர்தண்டா குடிப்பேன்" என்றாளாம் அபி.

திரும்பி வந்த நிலா போனில் சொன்னாள்: "அம்மா, டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீ வர வேண்டாம்." தமிழில் சொன்னாள். சரி என்றேன். ஏன், எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

சென்ற மாதம் ஒரு மதியம் ஆய்வகத்தில் உணவு மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிலா நின்றாள். இத்தனை ஆண்டுகளில் அவள் என் ஆய்வகத்துக்கு வந்ததே இல்லை. கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வெளியே ஓடினேன்.

"எனக்கு இல்லம்மா" என்றாள்.

கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அபிகிட்ட எப்படிம்மா சொல்றது? அவளுக்கு இருக்கு, மாமாவுக்கு இருக்கு, உனக்கு இருக்கு. எனக்கு மட்டும் இல்ல."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்தே ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டோம். அபிதான் எடுத்தாள். நிலா சொல்லி முடிப்பதற்குள் அங்கே ஒரு கூச்சல்.

"ஏக்கா, நீ என்ன லூசா? இதுக்குப் போயா அழுகுற? அம்மா, இங்க வாங்க, நிலாக்காவுக்கு இல்லையாம்!"

அண்ணன் போனைப் பிடுங்கினார். "யாத்தா நிலா, எதுக்கு அழுகுற?"

"சாரி மாமா."

"என்னத்துக்குச் சாரி? ஒன்னோட அந்தப் பக்கம் நின்னுபோச்சுத்தா. ஒனக்கு இல்லைன்னா, ஒம் புள்ளைகளுக்கும் இது போக வழியில்ல. எங்கப்பன் பேரச் சொல்ல அந்தக் கெளையாவது நோவில்லாம இருக்கட்டும். கண்ணத் தொடச்சுக்கத்தா."

நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிர்கிட் அந்தப் பக்கமாக வந்தவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய், நான் பாதியில் விட்ட கிண்ணங்களுக்கு உணவு மாற்றத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்து மதினி சொன்னார், அண்ணன் காரைக்குடியிலிருந்து பெட்டி பெட்டியாக லட்டு வாங்கிவந்து தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தார் என்று. என்னால் நம்ப முடியவில்லை. போன் போட்டேன்.

"என்னண்ணே, தெருவுக்கே லட்டாம்ல?"

"ஆமா."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டாக. அபிக்கு மாப்பிள்ள அமைஞ்சிருச்சான்னாக. இல்லன்னேன். எங்க வீட்டுல இப்படி ஒரு பரம்பரைச் சீக்கு இருக்கு, எனக்கு இருக்கு, எம் மகளுக்கு இருக்கு, எந் தங்கச்சிக்கு இருக்கு, தங்கச்சி மகளுக்கு இல்லன்னு வந்துருச்சு, அதுக்குத்தான் லட்டுன்னேன். மாடிப்படியில விழுந்ததெல்லாம் பொய்யின்னும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?" என்றேன்.

"என்னத்தச் சொல்லுவாக? லட்ட எடுத்துக்கிட்டாக. எதுத்த வீட்டுக்காரரு மட்டும் பொழுதுசாயத் திரும்பி வந்தாரு. அவரு சம்சாரத்தோட பொறந்தவுக ரெண்டு பேரு சின்ன வயசுலயே மார்ல கட்டி வந்து போயிட்டாகளாம். இம்புட்டு நாளும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. 'மதுரையில அந்த ஆஸ்பத்திரி எங்குட்டு இருக்கு சேது?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"எங்குட்டுன்னு சொன்னா அவுகளுக்கு வழி தெரியுமா? புதன்கிழமை கடைக்கு லீவு விட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."